சுயம்புலிங்கத்தின் ஊதா விளக்கு

மம்சாபுரத்திலிருந்து இராஜபாளையத்து நூற்பாலைக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வந்து சென்றவர் சுயம்புலிங்கம். ஆலையின் மின்பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். நான் அதே ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பதிவேடு எழுதியவன். இங்கே சொல்வனவற்றுள் பெரும்பகுதி நான் நேரில் கண்டது.

நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன் ஓர் இருட்டறையில் வைத்துப் பார்ப்பது ஆலை வழக்கம். புற ஊதாக் கதிர் வீசும் குழல்விளக்கின் கீழ், ஒரே பஞ்சில் நூற்ற கோன்கள் ஒரே நிறமாகத் தெரியும். வேற்றுப் பஞ்சு கலந்த கோன் தனியே தெரிந்துவிடும். ஐயத்துக்குரிய கோனை அருகில் வைத்துப் பார்ப்பதற்கென்று ஒரு சாண் நீளக் குழல் ஒன்றும் அங்கே உண்டு. அது மங்கியபோது, 1986-ஆம் ஆண்டில், மேலாளரிடம் எழுதிக் கேட்டு அதைப் பெற்றுக்கொண்டார் சுயம்புலிங்கம்.

திருவில்லிபுத்தூரில் வானொலி பழுதுபார்க்கும் கடையொன்றில், உடைந்த எமர்ஜென்சி லைட் ஒன்று கிடைத்தது. அதன் உள்ளுறுப்புகளோடு ஊதாக் குழலை இணைத்து, கையில் பிடித்துச் செல்லும் டார்ச்சாக்கினார். அதன்பின் அவர் அதைச் சும்மா விட்டதில்லை. குழலுக்குப் பின்னால் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை ஒட்டினார். மறுவாரம் அதைப் பிரித்துவிட்டு அலுமினியத் தகடு வைத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு மூடியில் சலவைத்தூளை வைத்து, அது எவ்வளவு தொலைவில் ஒளிரத் தொடங்குகிறது என்று அடிக்கோலால் அளந்து குறித்துக்கொள்வார். ஒரு நாள் பதினான்கு அங்குலம் வரும். எதையும் மாற்றாமலே மறுநாள் இருபது அங்குலம் வரும். காரணம் அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

விளக்குக்குத் தப்பிய பொருள் வீட்டில் இல்லை. ஒரு முறை பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ஆவுடையம்மாள் வந்துவிட்டார்.

"திங்கதுக்கு வாங்கினதை இப்படியா வெளக்குப் புடிச்சுப் பாப்பாக? அது எந்திரிச்சு ஓடிறவா போகுது?"

"செத்த பொறு. ஓரத்துல ஒரு நெறம் வருது, நடுவுல ஒரு நெறம் வருது. ஏன்னு தெரியல."

"நடுவுல நீங்க வெரலை விட்டு நக்கிப் பாத்திருப்பீக."

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் ஒரு மாலைப்பொழுதில், பாறை இடுக்குக்குள் இந்த விளக்கைக் காட்டியபோது உள்ளிருந்த தேள் பச்சையாக ஒளிர்ந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணைச் சோதிக்க வேண்டுமென்று மருத்துவரிடம் போய்விட்டு வந்து, அதன் பிறகே என்னிடம் சொன்னார்.

1993-ஆம் ஆண்டு ஐப்பசியில் இந்த விளக்கு ஒருவருடைய பிழைப்பில் தலையிட நேர்ந்தது.

சுயம்புலிங்கத்தின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த பரிபூரணம், இராஜபாளையத்தில் சுந்தரபாண்டியன் நடத்திய சிறு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றும் பெண்களுக்குத் தலைமையாக இருந்தார். மருத்துவத் துணியில், சலவைத்தூளில் இருப்பது போன்ற வெண்மையூட்டும் பொருள் எதுவும் சேரக் கூடாது; சேர்ந்திருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். அப்படி ஒளிர்ந்தது என்று சொல்லி, மதுரை வியாபாரி நான்கு பொதிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். மழையில் நனைந்து அழுக்கான துணியைப் பரிபூரணம் சலவைத்தூளில் அலசிவிட்டு மறைத்தார் என்பது முதலாளி சுந்தரபாண்டியனின் முடிவு. சனிக்கிழமையோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

"நனைஞ்சது நெசம், அண்ணாச்சி. காய வச்சோம், சுத்தினோம், அம்புட்டுதான். சலவைத்தூள நான் கையால தொடல. ஒங்க வெளக்க வச்சு மொதலாளிக்குக் காட்டுங்க" என்று பரிபூரணம் சுயம்புலிங்கத்திடம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, திரும்பி வந்த துணியில் பொதிக்கு ஒன்றாக நான்கு துண்டுகளையும், மழையே படாத புதுத் துணியில் இரண்டு துண்டுகளையும் பரிபூரணம் கொண்டுவந்தார். மருத்துவத் துணியாயிற்றே, வெறும் மேசையில் வைக்கலாமா என்று ஆவுடையம்மாள் வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்து விரித்தார். சன்னலுக்குக் கம்பளி கட்டி விளக்கைப் போட்டால், ஆறு துண்டுகளும் நீலமாக ஒளிர்ந்தன. புதுத் துணி ஏன் ஒளிர வேண்டும்? சுயம்புலிங்கம் மின்கலத்தை மாற்றினார். தகட்டைக் கழற்றினார். குழலைத் துடைத்தார். ஆறும் ஒளிர்ந்தன.

முன்பே சொல்லி வைத்திருந்தபடி சனிக்கிழமை காலை சுந்தரபாண்டியன் வந்தார். சாட்சிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கதவை அடைத்து விளக்கைப் போட்டதும், முதலாளியின் வேட்டி பளீரென்று ஒளிர்ந்தது. "மொதலாளி மட்டும் தனியாத் தெரியுதாக" என்று ஆவுடையம்மாள் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். விளக்குக்கு அருகே போனபோது என் வேட்டியும் அப்படித்தான் ஒளிர்ந்தது. சிரித்தோமே தவிர, அது எதைச் சொல்கிறது என்று எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மேசையில் விரித்த வேட்டியின் மேல் கிடந்த துண்டுகளைப் பார்த்ததும் முதலாளியின் சிரிப்பு நின்றது. "இதைக் காட்டத்தான் வரச் சொன்னீகளா? அம்புட்டும் மின்னுதே."

"புதுத் துணியும் மின்னுது, முதலாளி. அதுதான் எனக்குப் புரியல" என்றார் சுயம்புலிங்கம்.

"புரியாதவர் எதுக்கு வெளக்குப் புடிக்கீரு?"

பரிபூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "போதும் அண்ணாச்சி" என்று சொல்லி, துண்டுகளை வாரித் தம் மடியில் போட்டு அடுக்கத் தொடங்கினார். அரக்கு நிறச் சேலை; விளக்கில் அது இருண்டே கிடந்தது. விளக்கு இன்னும் அவர் பக்கமே இருந்தது. மேல் துண்டு ஒளிரவில்லை. அதற்கு அடுத்ததும் ஒளிரவில்லை. மேசையில் கிடந்த வெற்று வேட்டிதான் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

பேண்டேஜ் துணி சல்லடை போன்றது. அடியில் கிடந்த வேட்டியின் ஒளிதான் அதன் வழியே எங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்போ மதுரையில மேசையில எதை விரிச்சிருந்தாக?" என்றார் முதலாளி.

சுயம்புலிங்கம் ஆறு துண்டுகளையும் கறுப்புத் தாளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஐந்து மங்கலாகவே இருந்தன. நான்காம் பொதியின் துண்டில் மட்டும் திட்டுத் திட்டாக நீலம் இருந்தது. அவர் அதைத் திருப்பி வைத்தும் பார்த்தார். நீலம் போகவில்லை.

"இதுக்கு என்ன சொல்லுத?" என்று முதலாளி கேட்டார்.

பரிபூரணம் அந்தத் துண்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஈரத் துணியை மாடித் தட்டட்டியிலதான் காயப் போட்டோம். தரையில தூசி ஒட்டக் கூடாதுன்னு அடியில வெளுத்த வேட்டி விரிச்சேன். எப்பவும் அப்படித்தான் விரிப்போம்."

வேட்டியின் சலவைத்தூள் ஈரத்தின் வழியே துணியில் ஏறியிருக்குமோ? சுயம்புலிங்கம் உடனே புதுத் துணியை நனைத்து வேட்டியின் மேல் உலர்த்திப் பார்த்தார். உச்சிப்பொழுதுவரை மூன்று முறை செய்தார். இரண்டு முறை மெல்லிய நீலம் தெரிந்தது. ஒரு முறை எதுவும் தெரியவில்லை. "ஏறலாம். ஏறாமலும் இருக்கலாம்" என்றார். இவ்வளவு நேரம் காத்திருந்த முதலாளிக்கு அது பதிலாகவே படவில்லை.

"இவ தப்புப் பண்ணினாளா இல்லையா? அதைச் சொல்லும்."

"வெளக்குல அது தெரியாது, முதலாளி."

"நான் தூள் போடல. சுத்தமா இருக்கணும்னு விரிச்சேன். அது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. நான் திங்கக்கிழமை வரவா, வேண்டாமா?" என்று கேட்டார் பரிபூரணம்.

சுந்தரபாண்டியன் திட்டுப் படிந்த துண்டைக் கையில் எடுத்தார். பகல் வெளிச்சத்தில் அது மற்ற ஐந்தைப் போலவே வெள்ளையாக இருந்தது.

"வா. ஆனா இனிமே வேட்டியை விரிக்காத."

"பொறவு எதை விரிக்க?"

எதை விரிப்பது என்று முடிவாகாமலே திங்கட்கிழமை பரிபூரணம் வேலைக்குச் சென்றார்; அன்றும் மழை பெய்தது.