கதவைத் தட்டிய சஸ்கட்டூன் தங்கை

போன மாரிக் குளிரில் கனடாவிலிருந்து என் இரண்டு தங்கைகளும், டென்மார்க்கில் நான் இருக்கும் ஹேர்னிங்கிற்கு வந்திருந்தார்கள். வதனி டொரண்டோ மாநகரிலும் சுபா புல்வெளிப் பிரதேசத்துச் சஸ்கட்டூனிலும் இருக்கிறார்கள். ஊர் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பும்போது பனியில் கார் வழுக்கி, வீதியோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை. இழுவை வண்டிக்கு போன் செய்தேன்; வர நேரமாகும் என்றார்கள். குளிரில் கைகள் விறைத்தன.

"அங்க ஒரு வீடு தெரியுது. கேட்டுக்கொண்டு வாறன்" என்றாள் சுபா.

"தெரியாத ஆக்களின்ர வீட்டுக்கோ? டொரண்டோவில நாங்கள் பக்கத்து வீட்டுக் கதவையே தட்டமாட்டம்" என்று வதனி தடுத்தாள்.

"எங்கட சஸ்கட்டூன் பக்கம், தட்டாமல் குளிருக்குள்ள நிண்டால்தான் கோவிப்பினம்" என்றபடி சுபா நடந்தாள்.

எனக்குப் பயமாக இருந்தது. டேனிஷ்காரர் ஒதுங்கி வாழ்பவர்கள் என்று நினைத்து, இத்தனை வருடத்தில் நான் எவர் கதவையும் தட்டியதில்லை.

சற்று நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. சுபா அதில் சிரித்தபடி இருந்தாள். அதை ஓட்டிவந்த அந்த வீட்டு விவசாயி காரை இழுத்துவிட்டதோடு, வீட்டுக்கு அழைத்துக் கோப்பியும் தந்தார்.

"உங்கட ஊர் ஆக்களும் எங்கட ஆக்கள் மாதிரித்தான், அக்கா" என்றாள் சுபா. தங்கையை நினைத்தும் என் ஊரை நினைத்தும் பெருமையாக இருந்தது.

இப்போது வீட்டில் ரோல்ஸ் பொரித்தால், முதல் தட்டோடு பக்கத்து வீட்டு மணியை அடிக்கிறேன்.