சொல்லாமல் கிளம்பியவள்

தையற்கூடத்தில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். காரணப் பெயர்தான். பிழைப்புக்காகக் கணவனோடு இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. கால்சட்டைகளின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டே காலை முதல் மாலைவரை பேசுவாள். கேட்பதற்கு இருந்தது ஒரே ஒரு ஆள், பக்கத்து நாற்காலியில் பொத்தான் தைக்கும் அக்கா. அந்த அக்கா இந்த ஊர்க்காரி. பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்வாள். இருவருக்கும் அப்படி ஒத்துப்போனது.

அக்காவின் கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். இறுதிச் சடங்கு நடந்த மண்டபத்துக்கு வாயாடி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அழுது புரளும் கூட்டத்தை எதிர்பார்த்துப் போனவளின் கண்ணில் பட்டதெல்லாம் வரிசை நாற்காலிகளும் இஸ்திரி போட்ட சட்டைகளும்தான். ஒரு விசும்பல் கிடையாது. மூடிய பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குத்தான் அழுகை வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர்களுக்கெல்லாம் நெஞ்சு என்ன கல்லா என்று உள்ளுக்குள் பொருமினாள்.

எல்லாம் முடிந்ததும் அக்கா போய் வாசலில் நின்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து விடைபெற்றுப் போனார்கள். வாயாடிக்குப் பகீரென்றது. துக்க வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? அவள் வளர்ந்த வீட்டில், அப்படிச் சொல்வது இன்னொரு துக்கத்தைக் கூப்பிடுவது மாதிரி. பின்கதவு வழியாக நழுவிவிட்டாள். அக்காவுக்கு நல்லது செய்துவிட்ட திருப்திகூட இருந்தது, பாவம்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்த அக்கா, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். வாயாடி பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். டீ கொண்டுபோய் வைத்தாள், அது ஆறிப்போனது. இந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகமும் கைநழுவிப் போவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? நான்காம் நாள் நேரே போய் எதிரில் நின்றாள்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே."

வாயாடி பதறிப்போய்த் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். "உங்களுக்கு இன்னொரு கஷ்டம் வந்துடக் கூடாதுன்னுதான்க்கா..."

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"நீ உள்ளதான் இருக்கேன்னு நினைச்சேன். எல்லாரும் போன பிறகும் வாசல்லயே நின்னேன். என் பொண்ணு வீட்டுக்குக் கூப்பிட்டா, வரலைன்னுட்டேன். கடைசியில கதவைப் பூட்டுற ஆள் வந்து, உள்ள யாரும் இல்லம்மான்னு சொன்னான். எங்க ஆளுங்க முன்னாடி அழ முடியாது. உன்கிட்ட அழலாம்னுதான் நின்னேன்."

வாயாடிக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அழுங்கக்கா."

"இப்ப வரலை" என்றாள் அக்கா.