கச்சே முதலில் பார்க்கட்டும்

வண்ணத்துப்பூச்சி வளர்த்து, அதன் கூட்டுப்புழுக்களை விற்றுப் பிழைக்கும் எங்கள் கெடே வட்டாரத்தில் வண்ணத்துப்பூச்சிக் கூண்டு என்றால் அது ஜும்வாவின் கூண்டுதான். மற்றவர்கள் கட்டுவதெல்லாம் கோழிக்கூடு. இதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்காமலே அவளே சொல்லுவாள்.

சொல்லட்டும், தகும். சவுக்குக் கம்புச் சட்டம், சுற்றிலும் இழுத்துத் தைத்த வலை. எறும்பு ஏறாமலிருக்க, கூண்டின் கால்கள் கழிவு எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிற்கும். உள்ளே முட்டையிட எலுமிச்சங்கன்று, தின்ன அழுகிய வாழைப்பழம். கதவுக்குப் பதிலாக, கணவன் முலேவாவின் பேன்ட் காலை வெட்டி வலையோடு தைத்திருப்பாள். அதன் வழியே கையை விட்டு வேலையை முடித்து, முடிச்சுப் போட்டுவிடலாம். முலேவாவிடம் இப்போது உருப்படியாக ஒரு பேன்ட்தான் மிச்சம்.

ஆனால் அவளுடைய முதல் கூண்டு ஒரு குடும்பத்தையே உடைக்கப் பார்த்தது.

அன்று காலை முலேவாவின் அண்ணன் மனைவி கச்சே வந்து கூண்டருகே நின்றாள். "அடியம்மா, எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். மதியத்துக்குள் பூச்சிகள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. கச்சேவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாதவள் என்றால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

"அவ கண்ணுதான்," என்றான் முலேவா. "நாளைக்குக் குறி சொல்றவரக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள அவ பொறந்த வீட்டுக்குப் போயிடட்டும்."

எங்கள் ஊரில் இது விளையாட்டுப் பேச்சு அல்ல. சூனியக்காரி என்ற பேர் ஒருமுறை ஒட்டிவிட்டால், அந்தப் பெண் எங்கேயும் நிம்மதியாகக் கண் மூட முடியாது. கச்சேவின் புருஷன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். கச்சே அழக்கூடச் செய்யாமல் துணியை மூட்டை கட்டினாள்.

ஜும்வா செத்த பூச்சிகளைக் கூட்டி அள்ளினாள். கூண்டுக்கு வெளியே, வலையோரம் ஈக்களும் செத்துக் கிடந்தன. பழ வாசனைக்கு வந்து வலையில் உட்கார்ந்தவை. துடைப்பத்தைப் போட்டாள்.

"ஏய்யா, இங்க வா! உங்க அண்ணி ஈக்கும் கண்ணு வெச்சாளா?"

"என்ன உளர்ற?"

"இது எந்த வலை? புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரில குடுத்த, மருந்துல தோச்ச கொசுவலை. கொசுவக் கொல்ற மருந்து பூச்சிய மட்டும் கொஞ்சுமா? நான்தான் புதுசா இருக்கேன்னு எடுத்துக் கட்டினேன். கொன்ன முட்டாள் நான். அவ இல்ல."

"நீ சொன்னா ஊர் நம்பிடுமா?"

"ஊரக் கூப்பிடு. கண்ணால பாக்கட்டும்."

அன்றே சந்தைக்கு ஓடி, பழைய துணிக் குவியலில் ஒரு வெள்ளைக்காரியின் கல்யாண உடையைக் கண்டெடுத்து, அதன் வலைத்துணியைக் கிழித்துத் தைத்தாள். விடிந்ததும் காட்டோரம் போய்ப் புதிதாகப் பூச்சிகள் பிடித்து வந்தாள். எல்லோரும் கூடி நிற்க, கச்சேவின் கையைப் பிடித்து இழுத்துக் கூண்டின் முன்னால் உட்கார வைத்தாள். கச்சே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்டி ஜும்வா. இதுவும் செத்துட்டா?"

"சாகாது. கண்ணத் தொற, அக்கா."

"எனக்கே பயமா இருக்கு. ஒருவேளை என் கண்ணுதானோ என்னவோ..."

கூடி நின்ற நாங்கள் ஓரடி பின்னால் நகர்ந்தோம். ஜும்வாவுக்கோ கோபம் வந்தது.

"உன் கண்ணுல அவ்வளவு வெஷம் இருந்தா, என் வீட்டு எலிங்களத்தான் மொதல்ல உன்னப் பாக்கச் சொல்லியிருப்பேன். தொற!"

கச்சே கண்ணைத் திறந்தாள். கூடியிருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோளக்களி தின்றுவிட்டு வந்தார்கள். அவள் அசையவில்லை, தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டாள். மதியம் போனது. ஒரு பூச்சிகூட விழவில்லை. வெயில் சாயும்போது ஒன்று எலுமிச்சை இலையில் வாலை வளைத்தது.

"முட்ட!" என்று கத்தினாள் கச்சே. "ஜும்வா, முட்ட வெக்குதுடி!"

முலேவா குறி சொல்பவரைத் தேடிப் போகவில்லை; அண்ணியின் மூட்டையைத் தூக்கி அவள் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தான்.

இப்போது மற்ற ஊர்களிலிருந்தும் கூண்டு கேட்டு வருகிறார்கள். அவசரப்படுகிறவர்களுக்கு ஜும்வாவின் பதில் ஒன்றுதான்.

"இருங்க. எங்க அக்கா இன்னும் பாக்கல. அவ கண்ணு படாம ஒரு கூண்டும் இங்கேருந்து வெளிய போகாது."