சாரமும் பேடியும்

நான் என்ன படிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. கிழக்கு, தென்கிழக்கு ஆசியப் பண்பாடுகள், முதுகலை, இரண்டாம் ஆண்டு. சென்னையில் சொன்னால் 'ஓ' என்பார்கள். திற்பரப்புக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சொன்னால், "அது படிச்சா எங்க வேல கிட்டும்?" என்பார்கள். அம்மா இந்தச் சிக்கலைத் தன் வழியில் தீர்த்துவிட்டாள். "மக சைனாவுக்குப் படிக்கா" என்று சொல்லிவிடுவாள். டாக்டருக்குப் படிப்பது, வக்கீலுக்குப் படிப்பது மாதிரி சைனாவுக்குப் படிப்பது.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் சபையில், "சீன தேசத்து ஜனங்களுக்குள்ளே ஊழியத்துக்குப் போக ஆயத்தப்படுகிற நம்முடைய சகோதரிக்காக" என்று உருக்கமாக ஜெபித்தார்கள். பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றாள். நான் எழுந்து நின்று, ஊழியமெல்லாம் இல்லை, பாவைக்கூத்தையும் பாத்திக் துணியையும் பற்றி இரண்டு வருடம் வாசித்துவிட்டு ஏதாவது வேலை தேடப் போகிறேன் என்று சொல்லவா முடியும்? தலை குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா இந்தப் பேச்சிலெல்லாம் கலந்துகொள்வதில்லை. அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். போனில் அவர் கேட்பது ஒன்றுதான்: "மக்களே, அங்க சாப்பாடு கொள்ளாமா?"

மக்களே என்பது நான்தான்; நல்ல சாப்பாடா என்று அர்த்தம். கொள்ளாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு அதற்கு மேல் என் படிப்பில் கவலை இல்லை.

அப்பாவின் உடை சாரம். கைலி, லுங்கி என்று மற்றவர்கள் சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கட்டம் போட்ட சாரம், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார், எந்தச் சோப்புக்கும் போகாத பால்கறை அதில் இருக்கும். வழியில் போதகரோ வாத்தியாரோ தோட்டத்து முதலாளியோ எதிர்ப்பட்டால் எங்கள் ஊர் ஆண்கள் விரல் நுனியால் அந்த மடிப்பைத் தட்டிவிடுவார்கள். சாரம் கணுக்கால்வரை விழும். ஆள் கடந்து போனதும் மடிப்பு மறுபடி ஏறிவிடும். நடையும் நிற்காது, பேச்சும் நிற்காது. இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததால் இதில் பார்க்க ஏதோ இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முதலாம் ஆண்டு விடுதியில் என் அறைத்தோழி ஒருத்தி, வடக்கே ஏதோ பெரிய அதிகாரியின் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் கூப்பிட்டார். அம்மாவின் போனைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டை இல்லாமல், மடித்துக் கட்டிய சாரத்தோடு முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தோழி எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டுத் தோட்டக்காரரா என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது.

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அப்பாவிடம் கத்தினேன். "இனி இந்தச் சாரத்தோட ஆளுவளுக்க முன்னால வரப்பிடாது. வேட்டி உடுத்து, சட்டையும் போட்டு வாருங்க. இல்லேன்னா எனக்கு விளிக்கவே வேண்டாம்."

"செரி மக்களே," என்றார் அப்பா.

அதிலிருந்து அவர் வீடியோவில் வரும்போதெல்லாம் வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், தலையில் எண்ணெய். ஆதார் கார்டுக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவரைப் போல அசையாமல் இருந்து, சாப்பாடு கொள்ளாமா என்று கேட்பார். எனக்கு அது வசதியாக இருந்தது. பிறகு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியை ஒருநாள் வகுப்புக்கு ஜாவாவிலிருந்து வாங்கி வந்த துணி ஒன்றைக் கொண்டுவந்தார். சென்னைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தீவு தீவாகச் சுற்றியவர். நாங்கள் மேடம் என்போம். துணியைப் பிரித்தார். இரண்டு முனையும் சேர்த்துத் தைத்த கட்டம் போட்ட துணி. "மலாய்ல இது சாருங். உறைன்னு அர்த்தம். ஆணும் கட்டுவாங்க, பெண்ணும் கட்டுவாங்க," என்றார்.

என் கை தானாக உயர்ந்தது. "மேடம், எங்க ஊர்ல இதுக்கு சாரம்னு பேரு. எங்க அப்பா தினமும் கட்டுவார்."

வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மேடம் கண்ணை விரித்து, "அப்படியா? இன்னும் சொல்லு," என்றார். சொன்னேன். மடித்துக் கட்டுவதை, எதிரே ஆள் வந்தால் தட்டிவிடுவதை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வகுப்பில் ஒரு வருடத்துக்கு மேலாக யாரும் என்னை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். என் ஆய்வேட்டின் தலைப்பும் அன்றே முடிவானது. வராந்தாவில் நின்று எதற்காகக் கத்தினேனோ, அதையே இப்போது நடுக்கூடத்தில் விரித்துப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "சாரத்தப் பத்தி எழுத என்ன கெடக்கு மக்களே?"

இந்த ஆண்டு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு வைத்தார்கள். கடல் கடந்த பண்பாட்டு உறவுகள் பற்றியது. மேடம் சிறப்புப் பேச்சாளர், எனக்கும் கட்டுரை வாசிக்க ஓர் இடம் கிடைத்தது. இரண்டு நாள் முன்னதாகவே வந்த மேடம், உன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். வழியில் திற்பரப்பு அருவியைப் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் வருவோம் என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். அருவியில் கூட்டம் அதிகமாக இருந்ததால் மேடம் அங்கே இறங்காமல் நேராக வீட்டுக்கே போகலாம் என்றார். பன்னிரண்டுக்கு முன்பே போய் இறங்கிவிட்டோம்.

அப்பா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து கையில் வாளியோடு முற்றத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் வாளியை வைத்தார். வைத்த வேகத்திலேயே சாரத்தின் மடிப்பைத் தட்டிவிட்டார். மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார். புத்தகத்தில் படித்த பறவை கிளையில் வந்து உட்கார்ந்துவிட்ட மகிழ்ச்சி அவருக்கு. நான் போனை எடுத்து அப்பாவை இரண்டு படம் எடுத்தேன். எடுக்கவா என்று கேட்கவில்லை.

மேடம் மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, எங்களைப் பார்த்ததும் ஏன் அதை இறக்கி விட்டீங்க?"

அப்பா தரையைப் பார்த்துச் சிரித்தார். "பேடிதான்."

மேடம் முகம் மாறியது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். மேடம் சாப்பிடும்போது அதிகம் பேசவில்லை. காரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கருத்தரங்கு அன்று அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி, அதே வெள்ளைச் சட்டை. நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. நான் மேடையில் ஓரத்து நாற்காலியில் இருந்தேன்.

மேடம் பேச்சு அருமையாகத்தான் தொடங்கியது. கீழைத் தீவுகளில் இந்த உடை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, அதில் இழிவு ஒன்றும் இல்லை, கடல் தாண்டி இங்கே வந்த பிறகுதான் அதற்கு ஒரு தாழ்வு வந்து சேர்ந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முந்தாநாள் உழைப்பாளி ஒருவரிடம், ஏன் உடையை இறக்கிவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் தன்னையே 'பேடி' என்று சொல்லிக்கொண்டார். ஆண்மை இல்லாதவன், கோழை. ஒரு மனிதன் தன் வாயால் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு நாம் அவரை ஆக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை."

அரங்கில் சலசலப்பு. அம்மா பக்கத்துப் பெண்ணிடம், "எந்தா சொல்லியாவ?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர், அன்று மேடம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதை அறிந்தவர், மெல்ல அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் என்றால் தண்ணீர் என்பது மாதிரி, பேடி என்றால் எனக்குப் பயம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். இருட்டுக்குப் பேடி, பாம்புக்குப் பேடி, பரீட்சைக்குப் பேடி. வெளியூரில் அதற்கு வேறு அர்த்தம் என்று வகுப்பில் படித்தும் இருக்கிறேன். அப்பா வாயிலிருந்து வந்தபோது அது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

எழுந்துவிட்டேன். ஒலிவாங்கிகூட இல்லாமல், "மேடம், மன்னிக்கணும். எங்க ஊர்ல பேடின்னா பயம். அப்பா பயம்னுதான் சொன்னாங்க," என்றேன்.

அரங்கு கைதட்டியது. "அதாக்கும்!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நான்காவது வரிசையைப் பார்த்துக் கைகூப்பி, "ஐயா, பெரிய தப்பு பண்ணிட்டேன்," என்றார். அப்பா எழுந்து பதிலுக்குக் கும்பிட்டார். அந்த அரை நிமிடம் எனக்கு அவ்வளவு பெருமை. அப்பாவின் மானத்தை நான் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு.

மேடம் அதோடு விட்டிருக்கலாம். தப்பைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ஒலிவாங்கியை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு யாருக்குப் பயந்து இறக்கி விட்டீங்க?"

எனக்கும் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். தோட்ட முதலாளிகள், அவர்களுடைய அப்பாக்கள், தாத்தாக்கள். தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறிய பயம் என்று என் கட்டுரையில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அப்பா அதைத் தன் வாயால் சொல்லிவிட்டால் கட்டுரை எங்கேயோ போய்விடும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அப்பா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அது பெரிய காரியம் ஒண்ணும் இல்ல, டீச்சரே. மகளுக்குப் பேடிச்சுதான். சாரம் உடுத்து ஆளுவளுக்க முன்னால வரப்பிடாதுன்னு சொல்லியிருக்கா. அன்னு நீங்க நேரத்தே வந்துட்டிய. வேட்டி மாத்த நேரம் கிட்டல்ல. ஏசுவாளேன்னு முட்டுக்காலயாவது மறச்சேன்."

அரங்கு அதிரச் சிரித்தது. மகளுக்குப் பயப்படுகிற அப்பா என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அப்பாவும் சிரித்தார். கைதட்டல் வேறு. மேடமும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்துக் கட்டுரை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் முதல் படமே அப்பாதான். இறங்கிய சாரம், குனிந்த தலை, காலடியில் வாளி. படத்தின் கீழே 'அதிகாரத்தின் முன் உடல்' என்று நானே போட்டிருந்த தலைப்பு. அந்த அதிகாரம் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. சாரத்தைப் பற்றி எழுதத் தொடங்கி ஆறேழு மாதம் ஆகியும், இனி நீங்கள் சாரம் உடுத்தே வரலாம் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூன்று பக்கத்தையும் விட்டுவிட்டு மீதியை வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது. முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. நான்காவது வரிசையை மட்டும் பார்க்காமல் வாசித்து முடித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். தக்கலையில் இடம் கிடைத்ததும் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்பாவும் நானும் ஒரே சீட்டில். அப்பா வேட்டியை முழங்கால் மூட இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். "மக்களே, அங்க வெச்சு நான் சொன்னது உனக்குக் கொறச்சலாப் போச்சா?"

"இல்லப்பா," என்றேன்.

"உன் படிப்புக்கு அது கொள்ளாதுன்னா சொல்லு," என்றார். "வேற எந்தா சொல்லணும்னு ஒரு பேப்பர்ல எழுதித் தா. நான் அந்த டீச்சருக்கு விளிச்சு அதையே சொல்லியேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார்.