தமிழ்த் தாளில் அச்சான அவசரம்

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் எழுத்தர். மாணவர்களுக்கு வரும் போட்டி, உதவித்தொகை, கோடைப் பயிற்சி அறிவிப்புகளைப் பலகையில் ஒட்டுவதும், விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவதும் என் பொறுப்பு. அறிவிப்பு வந்த நாள், ஒட்டிய நாள், கடைசி நாள் மூன்றையும் என் சொந்த டைரியிலும் குறித்து வைப்பேன். ஆகவே இங்கே எழுதுவது எதையும் நான் ஞாபகத்தை நம்பி எழுதவில்லை.

திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. மலையாளத்திலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். தேர்வாகிறவர்களுக்குக் கடற்கரை ஆய்வு நிலையம் ஒன்றில் இரண்டு மாதம் சனி, ஞாயிறுகளில் பயிற்சி. கடல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கருவி வைத்து அளக்கவும், அதை வரைபடத்தில் குறிக்கவும் கற்றுத் தருவார்கள்.

கடற்கரை ஊரான பொழியூரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் ஒரு பெண் மூன்று நாள் தொடர்ந்து இடைவேளையில் அந்த அறிவிப்பின் முன்னால் வந்து நின்றாள். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அவர்கள் முன்பு இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது.

"வீடு போன பெறவு ஆபீசில இருந்து வந்து அளந்தாங்க சாறே. டேப்ப ஒருத்தன் பிடிச்சான், மத்தவன் போன்ல பேசிட்டு நின்னான். தப்பாட்டாக்கும் அளந்தாங்க. எனக்குப் படிப்பிச்சுத் தந்தா நான் சரியா அளப்பேன்" என்றாள்.

அடுத்த வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்க மாட்டாள். இந்த ஒரு முறைதான். அவளுடைய விண்ணப்பத்தை நான் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் பள்ளியிலேயே நடந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மேற்பார்வை எனக்கு. அரக்கு முத்திரையை உடைத்துத் தாள்களைக் கொடுத்தேன். தமிழில் எழுதியவர்கள் இரண்டே பேர், பொழியூர்ப் பெண்ணும் வேறொரு பள்ளி மாணவியும்.

தமிழ்த் தாளில் தலைப்பு இப்படி இருந்தது: "இளைஞர்களும் அவசரங்களும்."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. மலையாளத் தாளில் இருந்த தலைப்பின் முதல் சொல்லை அலுவலகத்தில் யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள். இரண்டாவது சொல்லுக்கு எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். வாய்ப்புகளைப் பற்றிக் கேட்க வந்த தலைப்பு, தமிழில் பதற்றத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்தில் பேச்சில் இரண்டும் கலந்தே வரும். "கல்ஃபில ஒரு அவசரம் கிட்டினா மதி", அதாவது கிடைத்தால் போதும், என்று சொல்கிற அதே வாய்தான் "அவசரப்படாதலே" என்றும் சொல்லும். பேச்சில் யாரும் குழம்புவதில்லை. ஆனால் இது அச்சு. மதிப்பெண் போடுகிற அச்சு.

அவள் எழுந்து நின்றாள்.

"சாறே, இது நமக்க அவசரமா, மலையாளத்து அவசரமா?"

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் "தாளில உள்ளது போல எழுது பிள்ளே. விளக்கம் சொல்லப்பிடாது" என்றேன். மேற்பார்வையாளர் தலைப்புக்கு விளக்கம் தரக்கூடாது என்பது விதி.

"அப்போ தமிழ்த் தாளில தமிழ் அவசரம்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

முடிவு வந்தபோது அவள் பெயர் இல்லை. தமிழில் எழுதிய இன்னொரு மாணவியின் பெயர் இருந்தது. விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தேன். ஒன்பது பக்கம். கடல் வீட்டுக்குள் ஏறும்போது முதலில் எதை எடுப்பது என்பதில் தொடங்கியிருந்தாள். அம்மா மாதா படத்தை எடுத்தாராம், அப்பா எஞ்சினை எடுத்தாராம், இவள் ரேஷன் கார்டை. வயதானவர்கள் அவசரத்தில் பழையதை எடுக்கிறார்கள், இளையவர்கள் நாளைக்கு எது வேண்டும் என்று பார்த்து எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். கோர்வையான, பிழையில்லாத தமிழ். முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் மலையாளத்தில் ஒரே ஒரு வரி: விஷயத்துக்குத் தொடர்பில்லை. கீழே ஒரு பூஜ்யம். இரண்டாம் பக்கம் முதல் ஒன்பதாம் பக்கம் வரை ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. படித்திருந்தால் ஏதாவது ஓர் இடத்தில் பேனா பட்டிருக்கும்.

ஏழு அம்சங்களில் ஒரு புகார் தயார் செய்து, அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அலுவலகத்தில் அதிகாரி எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். சாயா வரவழைத்தார். புகாரை முதல் பத்தி மட்டும் படித்துவிட்டு மடித்தார்.

"பாறசாலைக்காரருக்கு மலையாளம் அறியாமல்லோ?" என்றார் சிரித்துக்கொண்டே, தெரியும்தானே என்ற பொருளில். தமிழில் எழுதிய மற்றக் குட்டிக்கு விஷயம் புரிந்தது, இந்தக் குட்டிக்கு மட்டும் ஏன் புரியவில்லை என்று கேட்டார்.

மலையாளத்தை வைத்துத் தமிழ்த் தாளைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தமிழ்த் தாள் எதற்கு என்று நான் கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் அம்மா சாயாவைத் தொடவில்லை. "எங்களுக்கு ரெண்டும் தெரியும் சாறே. உங்களுக்காக்கும் ஒண்ணு தெரியாதது. தெரியாததுக்கு எனக்க மோளுக்கு எதுக்கு மார்க்கு கொறைக்கணும்?"

அதிகாரி கோப்பில் எண் போட்டார். பரிசீலிப்போம் என்றார்.

ஐந்து வாரம் கழித்துப் பரிசீலனை வந்தது. உறையை வாசலிலேயே கிழித்தேன். தங்கள் புகார் ஏற்கப்பட்டது என்று தொடங்கியது கடிதம். ஒரு நொடி எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்காக இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. தமிழ்த் தாளில் ஏற்படும் குழப்பங்களைத் தவிர்க்கும் பொருட்டு, அடுத்த ஆண்டு முதல் போட்டி மலையாளத்தில் மட்டும் நடத்தப்படும். பார்வை: என் புகாரின் எண். பயிற்சி தொடங்கிவிட்டதால் இந்த ஆண்டு முடிவில் மாற்றம் இல்லை.

ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னேன். மொழியையே எடுத்துவிட்டார்கள். அதுவும் என் கையெழுத்தைக் காட்டி.

பலகையில் ஒட்டச் சொல்லி ஒரு நகலும் வைத்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒட்டாமல் மேசைக்குள் வைத்த முதல் அறிவிப்பு அதுதான். அவள் மறுநாள் வந்து கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை, கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு என் புகாரின் நகலைக் கேட்டு வாங்கி, அதன் ஏழு அம்சங்களையும் படித்தாள்.

"நான் எழும்பி நின்னு கேட்டது இதில இல்லியே சாறே."

இல்லை. நான் எழுதவில்லை.

"கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்லா? மொகத்தைப் பாத்தேன். தெரிஞ்சிட்டுதானே தாளில உள்ளது போல எழுதுன்னு சொன்னீங்க?"

விதி இருந்தது என்றேன்.

"விதித் தாளைக் காட்டுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நான் சொன்ன விதிக்கு அடுத்த வரியிலேயே இருந்தது: அச்சுப் பிழை காணப்பட்டால் மேற்பார்வையாளர் உடனே தொலைபேசியில் அலுவலகத்தைக் கேட்டு ஹாலில் அறிவிக்க வேண்டும். தொலைபேசி எண்ணும் இருந்தது. அன்று காலை அந்த வரியையும் நான் படித்திருந்தேன். நேரம் ஓடுகிறது, சனிக்கிழமை, யார் எடுக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

"நீங்க ஒரு போன் செய்திருந்தா மதி" என்றாள். சத்தம் போடவில்லை. விதித் தாளை மேசைமேல் வைத்துவிட்டு மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அலுவலகத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. படிக்காமல் பூஜ்யம் போட்டவன் படிக்காமல் போட்டவன்தான். ஆனால் என் புகாரில் ஓர் அம்சம் விடுபட்டிருந்தது, வேண்டுமென்றே விட்டது நான். அன்று மதியமே இரண்டாவது புகார் எழுதினேன். எட்டாவது அம்சம்: மாணவி ஹாலில் எழுந்து சொல்லின் பொருளைக் கேட்டார், பிழை என்று அறிந்தும் மேற்பார்வையாளராகிய நான் அலுவலகத்தை அழைக்கவில்லை, ஆகவே தவறு மாணவியுடையது அல்ல. தமிழ்த் தாளை நிறுத்தியதை ரத்து செய்யவும், அவளுக்கு அடுத்த அணியில் இடம் தரவும் கேட்டிருக்கிறேன். தலைமை ஆசிரியர் படித்துவிட்டு, "இதை அனுப்பினா உமக்கு மெமோ உறுதி" என்றார். வரட்டும் என்றேன். அவர் கையெழுத்திட்டு முத்திரை குத்தும்வரை மேசை முன்னாலேயே நின்றேன்.