பத்துப் பெட்டிகளும் ஒரு பலாப் பிஞ்சும்

என் மேசையில் பேனாக்கள் நிற்கும் டம்ளருக்குப் பக்கத்தில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே ஊறுகாய் இல்லை. கட்டைவிரல் பருமனில் கறுத்துச் சுருங்கிப்போன ஒரு பலாப் பிஞ்சு இருக்கிறது. மற்ற பேராசிரியர்கள் கேடயம் வைக்கும் இடத்தில் நான் இதை வைத்திருக்கிறேன். எனக்கு யாரும் கேடயம் தரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், எங்கள் மையத்தில் அப்போது கணினி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளரம்மா. பாட்டிலைக் கழுவி, காயவைத்து, பிஞ்சை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி என் முன்னால் வைத்தவர் அவர்தான்.

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்குப் போகும் பாதையில், எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிறிய ஆய்வு மையம் உண்டு. நான் அங்கே மண் ஆராய்ச்சிக்காரன். மண்ணைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது; மண்ணையும் ஓரளவுக்குத்தான். உதவியாளரம்மா இதே மலைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மையத்தில் இணையம் கிடைக்கும் ஒரே இடம் அவருடைய அறை ஜன்னல்தான் என்பதால், கணினி, நாற்காலி, தேநீர் கிளாஸ் எல்லாவற்றோடும் அவர் ஜன்னலை ஒட்டியே குடியிருந்தார். ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆசிரியர்கள் எல்லோருக்கும் பல்கலைக்கழக இணையதளத்தில் ஆளுக்கொரு பக்கம் வேண்டும்; இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.

படிவத்தில் 'நிபுணத்துவம்' என்ற தலைப்பின் கீழ் பத்துப் பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியில் மண் வளம் என்று எழுதினேன். மீதி ஒன்பதும் என்னை முறைத்துப் பார்த்தன. சாமை, தேன், புளி, கடுக்காய் என்று ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். பத்தாவது பெட்டிக்கு எதுவும் அகப்படவில்லை. மையத்து வாசலில் ஒரு பலாமரம் நின்றது. பலா என்று எழுதிவிட்டேன்.

"பத்து பொட்டி இருந்தா பத்தையும் ரொப்பணுமா சார்? தெரிஞ்சத மட்டும் போடுங்களேன்" என்றார் உதவியாளரம்மா.

"காலியா விட்டா என் தலை மாதிரி இருக்கும்மா" என்றேன். அந்தத் தலைக்காகவே, பதினைந்து வருடங்களுக்கு முன் நிறைய முடியோடு எடுத்த ஒரு படத்தையும் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஏற்றினார். கட்டுரைகள், கருத்தரங்குகள், சொற்பொழிவுகள் என்று பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தது. விரலால் தள்ளித் தள்ளி நானே ரசித்தேன். கடைசி வரியை எட்டியபோது கை வலித்தது.

அந்த மாசி மாதத்தில் ஒரு விவசாயி இரண்டு ஜீப் மாறி என்னைத் தேடி வந்தார். அவருடைய அக்கா மகன் கைப்பேசியில் என் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறான். கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இவரப் பாக்கணுங்க. உங்க புள்ளையாங்க?" என்றார்.

"நான்தாங்க அது."

படத்தையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தவர், மரியாதைக்காக நம்பினார். பிறகு மடித்த இலையைப் பிரித்தார். உள்ளே கறுப்பாக ஒன்று இருந்தது. "எட்டு பலாமரங்க. இப்பிடித்தான் கறுத்துக் கறுத்து வுழுது. இப்பிடியே போனா இந்த வருசம் செங்கம் சந்தைக்கு ஒரு பழம் எறங்காதுங்க" என்றார்.

அங்கேயே 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்றோ ஏதோ ஒரு புத்தகத்தில் படித்த ஒரு வரி, வேண்டாத நேரத்தில் வேண்டாத விருந்தாளி மாதிரி நினைவில் வந்து உட்கார்ந்தது. "இது பிஞ்சு இல்லைங்க, ஆண் பூ. வேலை முடிஞ்சதும் தானா கறுத்து விழும். இயற்கை. பயப்படாம போங்க" என்றேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த மூடலை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று, அடுத்த முறை வரும்போது மரத்தடி மண் ஒரு பிடி கொண்டுவரச் சொன்னேன். என் தொழில் அதுதானே.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, உதவியாளரம்மா கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தார். ஒரு பையை மேசைமேல் கவிழ்த்தார். கறுப்பாக ஏழெட்டு உருண்டன.

"இதுல ஆண் பூ எது, பிஞ்சு எது? காட்டுங்க சார்."

நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எல்லாமே பிஞ்சு. எனக்கு ஆறு வயசுல தெரியும். மரத்துக்காரருக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். காலைல ஜீப்புல பக்கத்துல உக்காந்து வந்தாரு, கேட்டேன். இன்னா சார் சொல்லி அனுப்பிருக்கீங்க?"

அவருக்குப் பின்னால், வாசற்படியில், அந்த விவசாயி நின்றுகொண்டிருந்தார். கையில் நான் கேட்ட மண். காகிதத்தில் அழகாகப் பொட்டலம் கட்டி, நூல் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "எனக்கும் பிஞ்சாட்டந்தான் தெரிஞ்சிதுங்க. வூட்ல அவளும் பிஞ்சுன்னுதான் சொன்னா. பலாவுக்குன்னே படிச்சவர்னு போன்ல போட்டிருக்குது, அவரு சொல்றாரேன்னு... நம்ம கண்ணுதான் மங்கிடுச்சின்னு நெனச்சிட்டேங்க" என்றார்.

என்னை நானே கேலி செய்துகொள்வது எனக்குப் பழக்கம். அது ஒரு வசதியான தந்திரம். நாமே முந்திக்கொண்டால் மற்றவர்கள் நம்மை எதுவும் கேட்கமாட்டார்கள். அன்று ஒரு கேலியும் வரவில்லை. பிறந்ததிலிருந்து பலாமரத்தடியில் வாழும் மனிதரை, தன் கண்ணையே சந்தேகப்பட வைத்திருந்தது என் பத்தாவது பெட்டி. "எனக்குப் பலாவைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. பெட்டி காலியா இருந்துது, எழுதிட்டேன்" என்றேன்.

அவர் மண் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "எங்க வூட்லயும் ஒரு காலிப் பொட்டி கீதுங்க. நாங்க அதுல கோழிய அடைப்போம்."

உதவியாளரம்மா அவரை அடுத்த அறைக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்தவர் பயிர் நோய்ப் பேராசிரியை. இணையதளத்தில் அவருடைய பக்கத்தில் பெயரையும் துறையையும் தவிர ஒரு வரி கிடையாது. படிவம் நிரப்ப நேரமில்லை என்று விட்டுவிட்டார். பிஞ்சைக் கையில் வாங்கி அரை நிமிடம் பார்த்தார். அழுகல் நோய் என்றார். கறுத்ததையெல்லாம் மரத்திலிருந்து எடுத்து, விழுந்ததையும் பொறுக்கிப் புதைத்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்க வேண்டும். அன்று மதியமே ஜீப் பிடித்து நாங்கள் நான்கு பேரும் போனோம். மற்றவர்கள் தெளித்தார்கள். நான் குனிந்து பிஞ்சு பொறுக்கினேன். மூன்று மரங்கள் அந்த வருடத்துக்குக் கை விரித்துவிட்டன. ஐந்தில் பச்சைப் பிஞ்சுகள் இன்னும் மிச்சமிருந்தன. முதல் நாளே அடுத்த அறையைக் காட்டியிருந்தால் எட்டிலும் இருந்திருக்கும். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. கூடை நிறைய நிறைய நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் உதவியாளரம்மா ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, என் பக்கத்தைத் திறந்தார். "நம்ம கேட்டுல ஒருத்தர் வந்து நிக்கிறாரு சார். அவரு இன்னா கேப்பாரு? அத மொதல்ல எழுதுவோம்." ஒன்பது பெட்டிகள் போயின. எனக்குத் தெரிந்தது மேலே வந்தது. எந்தக் கிழமை இருப்பேன், ஊருக்குத் திரும்பும் ஜீப் எத்தனை மணிக்கு என்பது அதற்கடுத்து. கட்டுரைகளைக் கடைசிக்குத் தள்ளும்போது மட்டும் நான் முனகினேன். "கீழயே கெடக்கட்டும் சார். எங்கயும் ஓடிடாது." அந்த வாரம் எடுத்த படம் ஒன்று, வழுக்கையோடு, ஏறியது. முடிவில் ஒரு வரி: 'பலா பற்றி எனக்குத் தெரியாது. அடுத்த அறையில் பேராசிரியை இருக்கிறார், அவரைப் பாருங்கள்.' அன்று மாலைதான் இந்த ஊறுகாய் பாட்டில் என் மேசைக்கு வந்தது.

ஆனி மாதத்தில் விவசாயி ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்தார். நான் எழுந்து கை நீட்டினேன். "பழம் அடுத்த ரூமு அம்மாவுக்குங்க" என்றவர், மடியிலிருந்து ஒரு சிறு பையை எடுத்து எனக்கு நீட்டினார். உள்ளே பலாக்கொட்டை. "இப்பப் போன்ல வழி காட்டிட்டீங்கல்ல, உங்களுக்கு இது." அன்று இரவு வீட்டில் குழம்பில் போட்டுச் சாப்பிட்டோம். அவ்வளவு சுவையான கொட்டையை அதன் பிறகு நான் தின்றதில்லை.

உதவியாளரம்மா இப்போது தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். இணையதளம் முழுவதும் அவர் கையில். சென்ற மாதம் எல்லோருக்கும் புதுப் படிவம் வந்தது. அதில் ஒரு புதிய தலைப்பு: 'எவை எனக்குத் தெரியாது, யாரைக் கேட்கலாம்.' அதற்கும் பத்துப் பெட்டிகள். பெரும்பாலான பேராசிரியர்கள் காலியாகவே அனுப்பினார்களாம். இரண்டு நாளில் அவரிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

"சார், பொட்டி பத்துதான். நீங்க பதினொண்ணு எழுதியிருக்கீங்க. பதினொண்ணாவது முடி வளர்ப்பு. இத எடுத்துடவா?"

"யாரைக் கேட்கலாம்னு தெரிஞ்சா சொல்லும்மா, அப்புறம் எடுத்துடலாம்" என்றேன். அவர் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

நேற்று, புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருத்தி என் மேசையில் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது ஆண் பூங்களா சார்?" என்று கேட்டாள். இப்போது எனக்கு விடை தெரியும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, அடுத்த அறைக் கதவைக் காட்டினேன்.