சிறுகுறிஞ்சான் பொடியும் ஒரு நர்ஸும்

பெஹாலா நர்சிங் ஹோமில் நான் காட்டும் சர்க்கரை டாக்டருக்கு மூலிகை என்றாலே ஆகாது. பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று சொல்லப்போய் ஒருவர், "அப்புறம் எதற்கு என்னிடம் வந்தீர்கள்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதை வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அங்கே இருந்த நர்ஸ் தென்காசிக்காரி. பிரஷர் பார்க்கும்போது என்னிடம் தமிழில் பேசுவாள். தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில் பலகாரக் கடை வைத்திருக்கும் எனக்கு, இந்த வங்காள ஊரிலும் தமிழ் ஒன்றும் அபூர்வமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்டால் அது தனித் தெம்பு. சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று அவளிடம் புலம்பினேன்.

"சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடுங்கக்கா. எங்கம்மாவுக்கு நான்தான் வாங்கிக் குடுக்கேன். மாத்திரையையும் விட்டுராதீங்க. டாக்டர்ட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, கத்துவாரு" என்றாள்.

நர்ஸே சொல்கிறாள், அப்புறம் என்ன? இரண்டையும் விழுங்கினேன்.

ஒரு நாள் ஜாதவ்பூர் ஆட்டோவில் வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன். கூட வந்த மகன் அதே நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்தேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம்.

"வேறு என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார் டாக்டர். உயிர்ப் பயத்தில் பொடியைச் சொல்லிவிட்டேன். "யார் கொடுத்த யோசனை?"

நான் நர்ஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் வங்காளத்தில் சொன்னாள்: "வேண்டாம் வேண்டாம் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், சார். இவர்களுக்கெல்லாம் சொன்னால் மண்டையில் ஏறாது."

எனக்கு வங்காளம் தெரியாதா என்ன? இந்த ஊரில்தான் பிள்ளை பெற்று வளர்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் திட்டத் தொடங்கிவிட்டார். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும் என்றார். இதை முன்பே சொல்லியிருக்கலாமே! அவரிடம் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், அவள் குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. என் வேலை போயிரும்லா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் செத்திருந்தாலும் இவள் இதையேதான் சொல்லியிருப்பாள்.

"வங்காளத்திலேயே பேசுங்கள், சிஸ்டர்" என்று வங்காளத்தில் உரக்கச் சொன்னேன். "டாக்டருக்கும் புரியட்டும்."